ஒத்திகை எப்போது?

(நொச்சிக்குப்பம் கடற்கரைப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)

ஆழ்கடலில் உயிரைப் பணயம் வைத்து, அந்த உழைப்பின் பலனைக் கூடையில் ஏந்தி, மயிலைக்கும் மந்தைவெளிக்கும் உணவளித்து வாழும் அருமைத் தாய்மார்களே, தோழர்களே!

தேர்தலைப் பற்றிப் பேச நான் இன்று வரவில்லை. பேச வந்திருப்பது தண்ணீரைப் பற்றி, காற்றைப் பற்றி, பிளீச்சிங் பவுடரைப் பற்றி! அரசியல் மேடையில் பிளீச்சிங் பவுடரா என்று சிரிப்போர் சிரிக்கட்டும். யாருடைய உயிருக்கு யார் காவல் என்ற கேள்வியைவிடப் பெரிய அரசியல் எது?

இந்தக் கரையோரம் அவ்வப்போது ஒரு நாடகம் நடைபெறுகிறது. நாடகம் எழுதிப் பிழைப்பவன் நான். ஆகவே சற்றே பொறாமையோடு கூறுகிறேன், அத்தகைய நாடகத்தை என்னால் நடத்த இயலாது. நடிகர்கள், காவல்துறையினர். மேடை, வங்கக்கடல். வேடமோ, பயங்கரவாதி! மீனவர் போல் உடுத்திப் படகேறிக் கரை நோக்கி வருவர் சிலர். கரையிலே காத்திருந்து அவர்களை மடக்கிப் பிடிப்பர் வேறு சிலர். மறுநாள் ஏடுகளில் படம் வெளிவரும். 'சாகர் கவச்' என்பது அந்நாடகத்தின் பெயர். கடற்கவசம் என்று பொருளாம். வடமொழியிலே பெயர் சூட்டினால்தான் கடலுக்கு விளங்கும் போலும்!

கேலி பேசுகிறேன் என்று எண்ணிவிடாதீர்கள். ஒத்திகை வேண்டியதுதான். 2008 நவம்பர் 26 அன்று மும்பைக்குள் நுழைந்த பத்துப்பேர் கடல்வழியாகத்தான் வந்தனர். குஜராத் மீனவரின் படகொன்றைப் பறித்து, அதில் இருந்த உழைப்பாளிகளைக் கொன்று, அதன் பிறகே நகரத்துக்குள் புகுந்தனர். 166 உயிர்கள் பறிபோயின. முதலில் மாண்டவன் மீனவன் என்பதை நாம் மறவோம். ஆகவே துப்பாக்கி ஏந்தியோர் ஒத்திகை பார்க்கட்டும். நாமும் கண்ணும் காதுமாக இருந்து துணை நிற்போம்.

ஆனால் ஐந்து அங்கம் உள்ள நாடகத்தில் ஒரே ஓர் அங்கத்துக்கு மட்டும் ஒத்திகை பார்த்துவிட்டுத் திரையைத் தூக்கும் குழுவை நாடகக்குழு என்று கூறுவோமா? கைகலப்புக் காட்சிக்கு ஒத்திகை உண்டு. மற்றக் காட்சிகளுக்கு வசனமும் இல்லை, நடிகரும் இல்லை, விளக்கும் இல்லை!

கடல்வழியே இந்நகருக்கு வந்த பகை எத்தனை வகை என்று எண்ணிப் பாருங்கள். 1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மானியரின் போர்க்கப்பல் எம்டன் வந்து, துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளின் மீது குண்டு பொழிந்துவிட்டுப் போயிற்று. ஊரே மூட்டை கட்டிற்று. கப்பல் போய்விட்டது; பெயர் மட்டும் தங்கிவிட்டது. சூழ்ச்சிக்காரனை "அவன் பெரிய எம்டன்" என்று நம் பாட்டிமார் கூறுவது அதனால்தான். அதன் பிறகு வந்தவை எவை? 2004இல் அலை வந்தது. 2015இல் ஆறு வந்தது. 2017இல் எண்ணெய் வந்தது. இவற்றில் எதன் கையிலாவது துப்பாக்கி இருந்ததா?

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுமத்ராவுக்கு அருகே கடலடியில் நிலம் பிளந்தபோது நம் கடிகாரத்தில் காலை 6 மணி 29 நிமிடம். இந்தக் கரையை அலை அறைந்தபோது மணி ஏறத்தாழ ஒன்பது. இடையிலே இரண்டரை மணி நேரம்! ஓர் ஊர் முழுவதும் எழுந்து, குழந்தையைத் தூக்கி, கிழவரைக் கைப்பிடித்து, சாந்தோம் நெடுஞ்சாலையைக் கடந்து, கச்சேரி சாலை வரை நடந்து, தேநீரும் அருந்தப் போதுமான நேரம். சொல்வதற்குத்தான் ஆள் இல்லை. சொல்லும் அமைப்பு, ஐதராபாத்தில் 2007இல்தான் தோன்றிற்று. தமிழகத்தில் ஏறத்தாழ 8,000 பேர் மாண்டனர். நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000க்கு மேல். சென்னைக் கரையில் 200க்கு மேல். அந்த எண்ணிக்கைக்குள் உங்கள் வீட்டுப் பெயர்கள் உள்ளன. அவற்றை நான் மேடையில் உச்சரிக்கப் போவதில்லை; உங்களுக்குத் தெரியும்.

அந்த முதல் அலையைப் பற்றி ஏடுகள் எழுதின, திரைப்படங்கள் காட்டின. நான் கூற விழைவது, வந்திருக்க வேண்டிய, ஆனால் வராமற்போன இரண்டாவது அலையைப் பற்றி. ஆம், கொள்ளைநோய்!

எண்ணிப் பாருங்கள். குழாய் உடைந்தது. கிணற்றில் கடல்நீர் புகுந்தது. கழிவுநீர்த் தொட்டி கவிழ்ந்தது. பள்ளிக்கூடத்திலும் திருமண மண்டபத்திலும் நூற்றுக்கணக்கானோர் ஒண்டிக் கிடந்தனர். எல்லோருக்கும் இரண்டொரு கழிப்பறை. வாந்திபேதி நுழைவதற்கு இதைவிட அகலமான கதவு உண்டா? உலகமே அஞ்சிற்று. ஆனால் நாகையிலே, கடலூரிலே, சென்னையிலே, பெரும் கொள்ளைநோய் எதுவும் மூளவில்லை. தெய்வம் தடுத்தது என்றனர் சிலர். தெய்வத்துக்கு அன்று வேறு வேலை இருந்திருக்கலாம்! தடுத்தவர் யாரென்று நான் கூறுகிறேன்.

தடுத்தவர், மிதிவண்டியிலும் மோட்டார் சைக்கிளிலும் வந்து, தண்ணீர் லாரியின் குழாயைத் திறந்து, சிறு கண்ணாடிக் குழலில் நீர் பிடித்து, அதிலே மருந்துத் துளி விட்டு, மஞ்சள் நிறம் காண்கிறதா எனக் கூர்ந்து நோக்கிய சுகாதார ஆய்வாளர். மஞ்சள் தோன்றினால் அந்த நீரில் குளோரின் எஞ்சியிருக்கிறது, குடத்தைப் பிடிக்கலாம். தோன்றாவிட்டால், எத்தனை பெரிய அதிகாரி அனுப்பிய லாரியாயினும் திருப்பி அனுப்ப வேண்டும். வழக்கமான நாளில் குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சினால் போதும். பேரிடர் நாளில் 0.5 வேண்டும் என்பர். கிணற்று நீராயின் 1,000 லிட்டருக்கு ஏறத்தாழ 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர். கலந்தபின் ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும். கல்லூரியைப் பாதியிலே விட்டு வந்தவனாகிய எனக்கே இந்தக் கணக்கு விளங்குகிறது. உங்களுக்கு விளங்காதா?

'நல்ல' என்ற சொல்லைக் கவனித்தீர்களா? புதிய தூளில் மூன்றிலொரு பங்களவு குளோரின் இருக்கும். மூட்டையின் வாயைத் திறந்தபடி ஈரக் காற்றிலே போட்டுவிட்டால், வீரியம் பறந்துபோய்ச் சுண்ணாம்புதான் மிஞ்சும். கருவாட்டை மழையில் காய வைப்போர் உண்டோ? மாரிக்காலத்துக்கு முன்பு எத்தனை மூட்டை வாங்கினோம் என்று கணக்குக் காட்டுவர் அதிகாரிகள். அந்த மூட்டைக்குள் குளோரின் இருக்கிறதா, வெறும் சுண்ணாம்பா என்று நாம் கேட்க வேண்டும். அமைச்சர் வரும் பாதையில் இருபுறமும் வெண்கோடு இழுக்கிறார்களே, அது கிருமியைக் கொல்வதைவிடப் படம் பிடிப்போரைக் கவர்வதற்கே பயன்படுகிறது. எந்த ஆட்சியிலும் அந்தக் கோடு மறையவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

இன்னொரு அச்சத்தையும் நீக்க வேண்டும். பிணங்களால் நோய் பரவும் என்று அன்று பதறினர். அடையாளம் காணுமுன்பே அவசர அவசரமாகக் குழிதோண்டினர். அலையிலோ நிலநடுக்கத்திலோ மாண்டவர்களின் உடல் கொள்ளைநோயை உண்டாக்குவதில்லை என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் தெளிந்த முடிவு. நோய் வருவது, உயிரோடிருப்போர் குடிக்கும் நீரிலிருந்தும், அவர்களுக்குக் கிடைக்காத கழிப்பறையிலிருந்தும். வாழ்ந்தபோது நமக்குத் தீங்கு எண்ணாத நம் உறவினர், மாண்ட பிறகும் நமக்குத் தீங்கு இழைக்கவில்லை. அவர்கள் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு மண்ணிட நேரம் இருந்தது என்று நமக்கு யாரும் சொல்லவில்லையே என்பதுதான் என் வேதனை.

அந்த வெற்றி தற்செயலாகக் கிட்டியதன்று. 1939ஆம் ஆண்டிலேயே பொதுச் சுகாதாரத்துக்கென்று சட்டம் இயற்றிய முதல் மாகாணம் நம் சென்னை மாகாணம். மருத்துவமனை வேறு, நோய் வருமுன் காக்கும் துறை வேறு என்று பிரித்து, அந்தத் துறைக்குத் தனி அதிகாரியும் தனிப் பணமும் கொடுத்து, நூறாண்டு காலமாக வளர்த்த நாடு இது. தமிழகத்தின் சிறப்பு இதுவே என்று உலக வங்கிக்காக எழுதப்பட்ட ஆய்வும் பின்னாளில் கூறிற்று. கிண்டியிலே கிங் நிலையம் இருக்கிறது. அங்கே குடிநீரைச் சோதிக்கும் கூடம் இருக்கிறது. தண்டையார்பேட்டையிலே தொற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. இவை எல்லாம் அலை வந்த மறுநாள் முளைத்தவை அல்ல. முன்கூட்டியே இருந்தன, ஆகவே அன்று கை கொடுத்தன.

அந்தச் சேனையின் கடைசி வரிசையில் நின்றவரைப் பற்றிச் சொல்லாவிடில் நான் நன்றி கெட்டவன். நாகைக்கும், பிறகு 2015 வெள்ளத்தின்போது சென்னைக்கும், பிற ஊர்களிலிருந்து தூய்மைப் பணியாளர் ஆயிரக்கணக்கில் வரவழைக்கப்பட்டனர். கையுறை போதவில்லை, காலுறை போதவில்லை. சேற்றை அள்ளினர், சடலத்தைத் தூக்கினர், அழுகிய மெத்தையையும் செத்த கால்நடையையும் அகற்றினர். இந்த ஊரைக் கொள்ளைநோயினின்றும் காத்த கரங்கள், பெரும்பாலும், இந்த ஊர் எந்தச் சாதியின் கையில் தண்ணீர் வாங்கிக் குடிக்கத் தயங்கியதோ அந்தச் சாதியின் கரங்கள்! எல்லையில் நிற்பவனுக்கு மாலை, சாக்கடையில் நிற்பவளுக்கு? மாலை வேண்டாம், மாதச் சம்பளமாவது உறுதியாக உண்டா?

தென்சென்னையின் பல மண்டலங்களில் 2020 முதல் குப்பை அள்ளும் பணி தனியார் ஒப்பந்தத்தில் நடைபெறுகிறது. 2025 ஆகஸ்டில், ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள், எங்களையும் தனியாரிடம் தள்ளாதீர் என்று ரிப்பன் மாளிகைக்கு வெளியே பதின்மூன்று நாள் அமர்ந்திருந்தனர். நீதிமன்ற ஆணையைக் காட்டி நள்ளிரவில் அப்புறப்படுத்தப்பட்டனர். ஒப்பந்தத்தின் நன்மை தீமையை விவாதிக்க இன்னொரு மேடை போடலாம். இங்கே நான் கேட்பது ஒன்றே. நாளை இந்தக் கரையில் பேரிடர் நேரும்போது, யாருடைய பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது? தடுப்பூசி போட்டவர் யார், முகக்கவசம் அணியப் பழகியவர் யார், எந்தத் தெருவில் எந்தத் தொட்டி இருக்கிறது என்று பல ஆண்டு பழக்கத்தால் அறிந்தவர் யார்? நேற்று வந்து நாளை மாறிப்போகும் ஆளிடம் அந்த அறிவு எப்படித் தங்கும்? வேடம் கட்டும் அன்று காலையில் நடிகனைத் தேடினால் நாடகம் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்!

பயங்கரவாதி துப்பாக்கியோடுதான் வருவான் என்று யார் சொன்னது? 1984இல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில், உணவகங்களில் வைத்திருந்த பச்சைக் காய்கறியைத் தின்ற 751 பேர் வயிற்றுக் கடுப்பால் துடித்தனர். கிருமியைக் கலந்தவர், இந்தியாவிலிருந்து போய் அங்கே ஆசிரமம் அமைத்த ரஜனீஷ் சாமியாரின் சீடர் சிலர். எதற்காக? உள்ளூர்த் தேர்தலன்று வாக்காளர் படுக்கையில் கிடந்தால் தாங்கள் வெல்லலாம் என்று! பணம் கொடுத்து வாக்கு வாங்குவோரைக் கண்டிருக்கிறோம். பேதி கொடுத்து வாங்க முயன்றோர் அவர்கள்தாம். அதிகாரிகள் முதலில் யார் மேல் ஐயம் கொண்டனர் தெரியுமா? கை கழுவாத சமையற்காரர் மேல்! உண்மை வெளிவர ஓராண்டு ஆயிற்று. ஏழையின் கை அழுக்கு என்று முடிவு கட்டுவது எல்லா நாட்டிலும் எளிது.

1995 மார்ச் 20 அன்று, டோக்கியோ நகரின் சுரங்க ரயிலிலே 'சாரின்' என்ற நச்சை ஒரு மதக் கூட்டம் பரப்பிற்று. 14 பேர் மாண்டனர். பாதிக்கப்பட்டோர் 5,000க்கு மேல். நோயாளியின் உடையைக் களைந்து, உடலைக் கழுவிய பின்னரே உள்ளே விட வேண்டும் என்ற முறை நடைமுறையில் இல்லாததால், மருத்துவமனைப் பணியாளர் பலரும் அந்த நச்சாவியால் வாடினர். இவ்விரு நிகழ்ச்சியிலும் முதலில் களத்தில் நின்றவர் யார்? உணவைச் சோதிக்கும் ஆய்வாளர், நீரைச் சோதிக்கும் பணியாளர், அவசரப் பிரிவின் தாதி. தாக்குதலா விபத்தா என்று காவல்துறை கண்டறிவதற்குள், உயிரைக் காக்கும் பொறுப்பு இவர்கள் தலையில் விழுகிறது. குடிநீரில் நஞ்சு கலந்தவன் பகைவனா, உடைந்த குழாயா என்று குழந்தையின் வயிறு பிரித்துப் பார்ப்பதில்லை.

போபாலைக் கூறட்டுமா? 1984 டிசம்பர் 2ஆம் நாள் நள்ளிரவில், யூனியன் கார்பைடு தொழிற்சாலையிலிருந்து ஏறத்தாழ 40 டன் நச்சு ஆவி வெளியேறிற்று. மக்கள் ஓடினர். எந்தத் திசையில்? காற்று போகும் திசையிலேயே! ஈரத்துணியை முகத்தில் பொத்திக்கொள் என்ற ஒரு வரி முன்கூட்டிச் சொல்லப்பட்டிருந்தால் எத்தனையோ பேர் பிழைத்திருப்பர். என்ன நச்சு என்று மருத்துவருக்கே முறையாகச் சொல்லப்படவில்லை.

அது போபால் என்று ஆறுதல் கொள்ளாதீர்கள். 2023 டிசம்பர் 26, ஆம், அதே டிசம்பர் 26, நள்ளிரவை நெருங்கும் நேரம், எண்ணூரில், கோரமண்டல் உரத் தொழிற்சாலைக்குக் கப்பலிலிருந்து அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாய் கசிந்தது. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள், உங்களைப் போன்ற மீனவ மக்கள், மூச்சுத் திணறி, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டிலே ஓடினர். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். எங்கே ஓடுவது என்று அவர்களுக்கு யார் ஒத்திகை காட்டியிருந்தனர்?

2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகத்தில் 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடித்து 200க்கு மேற்பட்டோர் மாண்டபோதுதான், நம் மணலியில் 2015 முதல் ஏறத்தாழ 700 டன் அதே சரக்கு சுங்கத்துறையின் பறிமுதற் பொருளாகக் கிடப்பது நமக்கே தெரிந்தது! அவசரமாக ஐதராபாத்துக்கு ஏற்றி அனுப்பினர். ஐந்தாண்டு நம் தலைமாட்டில் இருந்ததை லெபனான் நாட்டின் பிணக்குவியல் வந்து நமக்குச் சொல்ல வேண்டியதாயிற்று.

சட்டம் இல்லையா? இருக்கிறது. போபாலுக்குப் பிறகு, 1989இல் இயற்றப்பட்ட அபாயகர இரசாயனங்கள் பற்றிய விதிகள் கூறுகின்றன: ஆலைக்கு வெளியே உள்ள பகுதிக்கும் அவசரகாலத் திட்டம் வேண்டும், ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஒத்திகை வேண்டும், பாதிக்கப்படக்கூடிய மக்களுக்கு என்ன நேரலாம், என்ன செய்ய வேண்டும் என்று தெரிவிக்க வேண்டும். தெரிவிக்க வேண்டும்! அலமாரியில் பூட்டி வைக்க வேண்டும் என்று எந்த விதியும் கூறவில்லை.

2017 ஜனவரி 28இல் எண்ணூர் அருகே இரு கப்பல்கள் மோதி, எண்ணெய் தெற்கே பரவி மெரினா வரை வந்ததே, நினைவிருக்கிறதா? செயற்கைக்கோள் ஏவும் நாட்டில், அந்தக் கருஞ்சேற்றை எதனால் அள்ளினர்? வாளியால்! மாணவரும் மீனவரும் துப்புரவுத் தொழிலாளரும் கையாலும் வாளியாலும் அள்ளினர். அது தோலில் பட்டால் என்ன ஆகும், மூச்சில் போனால் என்ன ஆகும் என்று அருகிலிருந்து சொல்ல எத்தனை பேர் இருந்தனர்? 2023 டிசம்பரில் புயலுக்குப் பின் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோதும் மீனவர் கையில் கொடுத்தது குவளையும் வாளியும்தான். ஆறாண்டில் வாளி மட்டும் மாறவில்லை.

ஆகவே நாம் கோருவதைக் கூறுகிறேன். கடற்கவச ஒத்திகை நடக்கும் நாளிலேயே, அல்லது வடகிழக்குப் பருவமழைக்கு முன்னர் வேறொரு நாளில், இந்தக் கரையிலே நீருக்கும் காற்றுக்கும் ஒத்திகை நடத்துங்கள். குழாய் உடைந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். லாரி எங்கே நிற்கும், யார் குளோரின் பார்ப்பார், கழிப்பறை எங்கே அமையும், நிறைமாதப் பெண்ணை யார் எந்த வண்டியில் ஏற்றுவார், நடத்திக் காட்டுங்கள். சுகாதார ஆய்வாளர் தலைமை தாங்கட்டும். காவலர் துணை நிற்கட்டும். தூய்மைப் பணியாளருக்குக் கையுறையும் காலணியும் முகக்கவசமும் ஒத்திகையன்றே தரப்படட்டும்; அன்று தராதவர், ஆபத்தன்று தருவாரோ? ஒப்பந்தக்காரர் ஆட்களும் அதில் பங்குபெறட்டும், அன்றைய ஊதியத்தோடு.

ஊரார் வெறும் பார்வையாளராய் நிற்க வேண்டாம். வாடையும் கச்சானும் கொண்டலும் அறிந்தவர்கள் நீங்கள். ஆவி கசிந்தால் காற்றோடு ஓடாதே, காற்றுக்குக் குறுக்கே போ, முகத்தில் ஈரத்துணி கட்டு என்று பாடம் நடத்த, கோட்டையிலிருக்கும் அதிகாரியைவிட, காற்றின் முகம் பார்த்துப் படகு தள்ளும் கிழவருக்குத் தகுதி அதிகம். அவரை ஒத்திகைக்குழுவில் சேர்க்கச் சொல்லுங்கள். 2024இல் திறந்த மீன் அங்காடியில் வியாபாரம் செய்யும் தாய்மார்கள், யார் வீட்டில் பிள்ளைக்குப் பேதி என்று முதலில் அறிவோர் அவர்கள்தாம். ஒரே தெருவில் மூன்று வீட்டில் பேதி என்றால் அது செய்தி. அன்றே ஆய்வாளர் காதுக்குப் போக வேண்டிய செய்தி. போய்ச் சேர வழி உண்டா? தோழர்களே, நேர்மையாகச் சொல்லுங்கள், இந்தப் பகுதியின் சுகாதார ஆய்வாளரின் பெயர் உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? காவல்நிலைய அதிகாரியின் பெயர் எல்லோருக்கும் தெரியும்!

நம் கிளைத் தோழர்களுக்கு ஒரு வேலை. அடுத்த ஞாயிற்றுக்குள் அந்தப் பெயரையும் தொலைபேசி எண்ணையும் எழுதி ஒவ்வொரு மாடிப்படிக்கட்டின் கீழும் ஒட்டுங்கள். சுவரொட்டியில் நம் தலைவர்களின் படம் வேண்டாம். இந்த ஒருமுறை இடத்தை அந்த ஆய்வாளருக்கு விட்டுக்கொடுங்கள். கூடவே, மாநகர நல அலுவலருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் கொடுக்க வேண்டிய மனு, மேடையின் தென்புறம் மேசையில் உள்ளது. ஒத்திகைக்கு நாள் குறித்துத் தாருங்கள் என்பதுதான் அதிலே உள்ள செய்தி. எழுதப் படிக்கத் தெரியாதோர் கைநாட்டு வைக்கலாம். முதற் கையெழுத்து, காலையில் இந்தக் கடற்கரையைப் பெருக்கிய அம்மையார் ஒருவர் இட்டது. அதற்கு அடுத்த இடம் காலியாக இருக்கிறது.